சாயம் போகும் சட்டை

எம் வீட்டு மாடியறையில் பழந்தேக்கு அலமாரி ஒன்று உண்டு. தமிழாசிரியர் வீட்டு அலமாரியில் நூல்கள் இருக்கும் என்று எண்ணித் திறந்தவர் பலர். அவர்கள் கண்டது நூல்களை அன்று, நூலால் ஆனவற்றை. எவரோ அணிந்து கழித்த கோட்டுகள், காலர் தேய்ந்த சட்டைகள், பூச்சி அரித்த ஒரு துருக்கித் தொப்பி, கைப்பட்டை மட்டும் மாற்றித் தைக்கப்பட்ட ஒரு ஷெர்வானி. எல்லாம் ஆடவர் உடைகள். எல்லாம் பிறர் உடைகள். ‘பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் காலம் போய், பழைய துணிக்குக் காசு கொடுக்கும் பேராசிரியரைப் பெற்றோம்’ என்று துறை நண்பர்கள் நகையாடுவதுண்டு. அந்நகைப்புக்கு நாம் இதுநாள்வரை விடை கூறியதில்லை. இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அவ்விடையையே எழுதிவிடலாம் என்று துணிந்தோம்.

பழந்துணி தேடும் பழக்கம் எம்மோடு தொடங்கியதன்று. சென்னையில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட், பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக விளங்கியது. 1985 மே மாதம் 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. எம் பாட்டனார் திருமணத்துக்கு அணிந்த ஆல்பாக்கா கோட்டு அங்கு வாங்கிய பழைய கோட்டுத்தான் என்பது குடும்பத்தில் மெல்லிய குரலில் மட்டுமே சொல்லப்படும் செய்தி. இன்று அந்த வேட்கை உடையோர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் செல்கின்றனர். சந்தையோ வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன் அதனைச் சுற்றி முடித்துப் பள்ளிவாசல் சேர்வதற்கு எத்தனையோ முறை ஓடியிருக்கிறோம்.

நம் இலக்கியம் கந்தையை எவ்வாறு நோக்கியது என்று வகுப்பறையில் மாணவர் ஒருவர் ஒருமுறை வினவினார். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் காட்சியை எடுத்துரைத்தோம். வேர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறிய பொருநனின் கந்தையைக் களைவித்து, பாம்புரி போன்ற மெல்லிய ஆடையைக் கரிகாலன் அணிவிக்கிறான். கொடையின் உயர்வைப் பேசும் இடம் அது. ஆனால் மாணவர் விடவில்லை. ‘ஐயா, களைந்த அந்தக் கந்தை எங்கே போயிற்று?’ என்றார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்க இயலவில்லை. அந்த வினாவுக்குப் பின்னால் எம் வாப்பாவின் சட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது.

எம் வாப்பா நாகூரில் ஒரு கைலி வணிகரிடம் கணக்கெழுதினார். குறிஞ்சிப்பாடி நெசவாளரிடமிருந்து வரும் கைலிகளை எண்ணி, மடித்து, கட்டுப் போடும் பணியும் அவருடையதே. இளமையில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் கைலிக் கட்டுகளோடு இருமுறை பினாங்கு சென்று வந்தவர். 1985இல் அக்கப்பல் தீப்பற்றிப் போக்குவரத்து நின்றபின், அவர் கடல் கடக்கவேயில்லை. கைலியை மலாய் மக்கள் ‘காயின் பெலிகாட்’ என்று அழைப்பதையும், அந்தப் ‘பெலிகாட்’ நம் பழவேற்காடுதான் என்பதையும் எமக்கு முதன்முதலில் சொன்னவர் அவரே. சொல்லாராய்ச்சி எமக்கு வாய்த்தது எம்.பில். பட்டத்தால் அன்று, அந்த ஒரு சொல்லால்.

அவரிடம் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று இருந்தது. ஏற்றுமதிக்கு நெய்த மதராஸ் கட்டத் துணியில் மிஞ்சிய துண்டை முதலாளி கொடுக்க, உள்ளூர்த் தையற்காரர் தைத்தது. நீலமும் மஞ்சளும் செம்மையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கட்டங்கள். முதல் சலவையிலேயே அது சாயத்தை இறக்கி, உடன் ஊறிய உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை நீலமாக்கிவிட்டது. அன்றுமுதல் அச்சட்டைக்குத் தனி வாளி. ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் கட்டத்தின் எல்லையைத் தாண்டி ஒன்றில் ஒன்று கரைந்தன. பத்தாண்டுக்குப் பின் பார்த்தால் அது வேறொரு சட்டை; மழையில் நனைந்த ஓவியம் போன்ற சட்டை.

2009இல் வாப்பா மௌத்தானார்கள். மறைந்தவரின் உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது எம் குடும்பத்து வழக்கம். வெளியூரில் பணியாற்றிய நாம் அடக்கம் முடிந்து திரும்பி, அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, வாப்பாவின் கொடிக்கயிறு வெறுமையாய் இருந்தது. பெரிய மாமா அனைத்தையும் மூட்டை கட்டிப் பள்ளிவாசலில் சேர்ப்பித்திருந்தார். அதில் தவறில்லை. எனினும் எம் உள்ளத்தில் ஒரு கட்டச் சட்டைக்கு இடம் காலியாகவே இருந்தது.

இனி எழுதப்போவதை இதுவரை எவரிடமும் கூறியதில்லை. அதே விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. எமக்கு முன்வரிசையில் முதியவர் ஒருவர் நின்றார். மீன் ஏலக்கூடத்தில் பெட்டி சுமப்பவர். அவர் முதுகில் எம் வாப்பாவின் சட்டை. ஐயமேயில்லை, காலரின் கிழிசலை உம்மா கறுப்பு நூலால் இழையோட்டிய தழும்பு அப்படியே இருந்தது. ஸஜ்தாவுக்குக் குனிந்து எழுந்தபோதெல்லாம் அந்தக் கறுப்பு நூலே கண்முன் நின்றது. அன்று நாம் தொழுதது தொழுகையா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஸலாம் கொடுத்ததும் அவரை வாசலில் மறித்தோம். ‘மாமா, இந்தச் சட்டையை எனக்குத் தருவீங்களா? ஐந்நூறு ரூபாய் தர்றேன். புதுச் சட்டையும் வாங்கித் தர்றேன்’ என்றோம்.

அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். ‘ஒங்க வாப்பா சட்டையா தம்பி?’ என்றார். ‘ஆமாம்’ என்றோம். ‘காசு வேணாம். கழட்டித் தர்றேன்’ என்று சொல்லி, பத்துப்பேர் பார்க்க, அவ்வாசலிலேயே மேற்பொத்தானில் கை வைத்தார். அவர் விரல் நடுங்கியது. நாம் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, ‘வேணாம் மாமா, போட்டுக்குங்க’ என்று கூறிவிட்டு விரைந்து நடந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. வேறு பள்ளிவாசலுக்குச் செல்வதாகப் பிறகு அறிந்தோம். எம் ஒரு சொல், முதியவர் ஒருவரை அவர் வழக்கமாய் நின்ற வரிசையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டது. உமர் (ரலி) அவர்கள் இறைவழியில் வழங்கிய குதிரை ஒன்று பின்னர் விற்பனைக்கு வந்தபோது, அதனை விலைகொடுத்து வாங்க விரும்பியதையும், கொடுத்த தர்மத்தை விலைக்குக்கூடத் திரும்பப் பெறவேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததையும் மார்க்க அறிஞர் ஒருவர் சொற்பொழிவில் கூறக் கேட்டபோது, அவையில் எம் தலை தாழ்ந்தது. மன்னிப்புக் கேட்க ஊருக்குச் சென்றபோது அம்முதியவர் உயிரோடு இல்லை.

அன்றுமுதல்தான் நாம் பிறர் உடைகளைத் தேடத் தொடங்கினோம். எம் வாப்பாவின் சட்டையைக் கேட்கும் உரிமையை இழந்தவர், அதுபோன்ற ஒன்றையாவது கண்டுவிட எண்ணியது மனித இயல்பே.

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பணிபுரியும் எம் தம்பி வீட்டில் ஒரு திங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்நாட்டில் பழந்துணிக் கடை என்பது வெட்கத்துக்குரிய இடமன்று. ‘குட்வில்’ என்னும் அமைப்பை 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் நிறுவினார். செல்வர் கழித்த பொருள்களைத் திரட்டி, வேலையற்ற ஏழைகளைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டு விற்று, அவ்வருவாயால் அவர்களுக்கே கூலி கொடுப்பது அவர் கண்ட வழி. பிச்சை இடாமல் வேலை கொடுத்த அந்த ஏற்பாட்டை எவரும் மதிப்பர்.

‘நானா, ஊர்லேருந்து வந்தவங்க எல்லாம் புதுக்கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்வாங்க, நீங்க மட்டும்தான் இப்படி’ என்று தம்பி அலுத்துக்கொண்டே அழைத்துச் சென்றார். அளவு வாரியாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான சட்டைகளுக்கு நடுவே பழையதைப் பிரித்தறிவதும் ஒருவகைப் பாடபேதம் பார்க்கும் பணியே. ஏட்டுச்சுவடியின் காலத்தை எழுத்தைக் கொண்டு கணிப்பதுபோல, உடையின் காலத்தைச் சீட்டைக் கொண்டு கணிக்கலாம். துவைக்கும் முறையைக் கூறும் நிலையான சீட்டு உடையில் இருத்தல் வேண்டும் என்னும் விதி அந்நாட்டில் 1972இல் நடைமுறைக்கு வந்தது. எனவே அச்சீட்டு முதலிலிருந்தே இல்லாத அமெரிக்கச் சட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. கோட்டின் உட்பையில் ஆடவர் உடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு ஒட்டியிருக்கும். 1914இல் தோன்றிய அச்சங்கம் 1976இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து பெயர் மாறியது. ஆகவே பழைய பெயர் இருந்தால் அக்கோட்டு அதற்கு முற்பட்டது எனத் துணியலாம். பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சிப்பியாயின் குளிரும், பிளாஸ்டிக்காயின் குளிராது. சட்டைப் பையின் கட்டங்கள் மார்பின் கட்டங்களோடு பிசகாமல் பொருந்தினால், தைத்தவர் துணியையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்காதவர் என்று அறியலாம்.

மூன்றாவது கடையில், ஏழு டாலர் விலைச்சீட்டோடு அது தொங்கியது. நீலம், மஞ்சள், செம்மை. ஒன்றில் ஒன்று கரைந்த கட்டங்கள். துவைக்கும் சீட்டு இல்லை. காலரின் உட்புறத்தில், இந்தியாவில் கைத்தறியில் நெய்த மெய்யான மதராஸ் துணி என்றும், சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்றும் ஆங்கிலத்தில் நெய்த சீட்டு. நாம் அக்கடையின் நடுவே நின்று விம்மியதைத் தம்பி இன்றளவும் பிறரிடம் கூறாதது அவரது பெருந்தன்மை.

சாயம் போகும் என்று உத்தரவாதம் தரும் விந்தையை விளக்கவேண்டும். மதராஸ் கட்டத் துணியில் நிறம் அச்சிடப்படுவதில்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் முன்னரே சாயமேற்றி, நெசவில் கட்டம் பிறப்பிப்பர். அதனால் துணிக்கு உட்புறம் வெளிப்புறம் என்ற வேறுபாடு இல்லை. அவுரியின் நீலமும் மஞ்சளும் நூலில் இறுகப் பிணையாவிடில், நீர் பட்டதும் கசியும். 1950களின் இறுதியில் அமெரிக்க வணிகர் ஒருவர் இத்துணியைச் சென்னையிலிருந்து பெருமளவில் வாங்கிச் சென்றாராம். குளிர்ந்த நீரில் மென்மையாக அலசவேண்டும் என்று இங்கே கூறிய எச்சரிக்கை அங்கே எவர் காதுக்கும் எட்டவில்லை. வாங்கியோர் சலவை இயந்திரத்தில் இட, சாயம் ஓட, வழக்கு மூளும் நிலை. அப்போது, குறையையே பெருமையாக்கி விளம்பரம் செய்தனர். ஒவ்வொரு சலவையிலும் புதுநிறம் பெறும் அதிசயத் துணி என்றனர். மக்கள் விரும்பி வாங்கினர். துணி வணிகர் வட்டாரத்தில் இன்றும் வழங்கும் கதை இது. 1960களில் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடையே இச்சட்டை பெருவழக்காய் இருந்தது மெய்யே.

சென்னைத் துணிக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் உள்ள உறவு அதனினும் பழையது. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராய் இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட் பகுதியின் சிறு கல்விக்கூடம் ஒன்றுக்கு ஒன்பது சிப்பம் சரக்குகளும் 417 நூல்களும் அனுப்பினார். சரக்குகளை விற்ற தொகை 562 பவுன். அந்நன்றிக்காகவே அக்கல்விக்கூடம் யேல் என்று பெயர் பெற்றது. கிழக்கே மலாய் நாட்டில் தொழுகைக்கு உடுத்தும் கைலியாய்ப் போன நம் கட்டத் துணி, மேற்கே நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் ‘இஞ்சிரி’ என்ற பெயரில் பிறப்பிலும் இறப்பிலும் தவறாத துணியாயிற்று; கரீபியத் தீவுகளில் பெண்களின் விழாக்கால உடையாயிற்று. நெய்தவர் எவர் என்பதை எந்த நாடும் குறித்து வைக்கவில்லை. கட்டுப் போட்டவர் பெயரை யார் கேட்கப்போகிறார்?

சட்டையை ஊருக்குக் கொண்டுவந்தோம். பழம்பொருள் காப்போர் விதிப்படி அதனை நீரில் நனைத்தல் ஆகாது. மென்தாளில் சுற்றி, இருளில் வைத்தல் வேண்டும். உம்மாவிடம் காட்டினோம். எழுபது கடந்த அவர்கள் அதனை முகர்ந்து பார்த்தார்கள், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நாம் ஃபஜ்ரு தொழுது திரும்பியபோது, கிணற்றடியில் தனி வாளி ஒன்றில், கல்லுப்பு இட்ட தண்ணீரில், அச்சட்டை ஊறிக்கொண்டிருந்தது. வாளி நீலமாகியிருந்தது.

பதறிப் போனோம். ‘உம்மா, அறுபது வருஷத்துச் சட்டை! சாயம் போகுதே!’ என்றோம்.

‘சாயம் போகாத சட்டை ஒங்க வாப்பாகிட்ட எது வாப்பா இருந்துச்சு?’ என்றார்கள் உம்மா. ‘கந்தையானாலும் கசக்கித்தான் கட்டணும். கசக்காம வச்சிருந்தா அது சட்டையில்ல, மையித்து.’

அவ்வாளியருகே அமர்ந்தபோதுதான், அதுவரை எண்ணாத ஒன்றை எண்ணினோம். இச்சட்டையும் எவரோ ஒருவரின் வாப்பாவினுடையதாய் இருக்கலாம். அவர் மறைந்தபின் மகனோ மகளோ மூட்டை கட்டிக் கடையில் சேர்த்திருக்கலாம். கானா நாட்டின் அக்ரா நகரில் கந்தமாந்தோ என்னும் பெருஞ்சந்தையில் மேலைநாட்டுப் பழந்துணிகள் மலைபோல் வந்து குவிகின்றன. அவற்றை அம்மக்கள் ‘ஓப்ரோனி வாவு’, அதாவது மாண்ட வெள்ளையனின் உடை என்கின்றனர். இத்துணை உடைகளை உயிரோடிருப்பவர் கழித்திருக்க இயலாது என்று அவர்கள் கருதினராம். 2025 சனவரித் தொடக்கத்தில் அச்சந்தை எரிந்தபோது எமக்கு மூர் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. எத்தனை இலட்சம் வாப்பாக்களின் சட்டைகள்! நாம் அந்த நீலச் சட்டையோடு நியூஜெர்சித் தெருவில் நடக்கும்போது, யாரோ ஒரு மகன் எம்மை மறித்து விலை பேசியிருந்தால், எம் விரலும் மேற்பொத்தானில் நடுங்கியிருக்கும் அல்லவா? அந்த மீன்கூடத்துப் பெரியவர் அன்று எமக்குக் கழற்றித் தர முற்பட்டது ஒரு சட்டையை அன்று, தம் மானத்தை.

மன்னனுக்கும் வேட்டுவனுக்கும் உடுக்கத் தேவை இரண்டே துணி என்றும், செல்வத்தின் பயன் ஈதல் என்றும் புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார் உணர்த்துவதைப் பல்லாண்டு பாடம் நடத்திய எமக்கு, அப்பாட்டு விளங்கியது அந்த வாளியின் அருகில்தான்.

எம் அலமாரி இன்று பாதி காலி. நேர்காணலுக்குச் செல்லக் கோட்டு இல்லாத மாணவர்கள் ஆண்டுதோறும் வருகின்றனர். முதலில் இரவலாகக் கொடுத்தோம். இப்போது கொடுத்தே விடுகிறோம். அண்மையில் எம் மாணவர் ஒருவர், சங்கச் சீட்டு ஒட்டிய அமெரிக்கச் சாம்பல்நிறக் கோட்டோடு நேர்காணல் சென்று பணி பெற்று வந்தார். ‘கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் ஐயா’ என்றார். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எமக்கு ஆகாது என்று கூறி அனுப்பினோம். காரணத்தை அவர் இம்மலரில் படித்து அறிந்துகொள்வார்.

கட்டச் சட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அதனைப் பேழையிலும் வைக்கவில்லை. வாரம் ஒருநாள் அணிகிறோம். தனி வாளியில் துவைக்கிறோம். மஞ்சள் ஏறக்குறைய நீலத்துள் கரைந்துவிட்டது. எமக்குப் பின் அதனையும் மூட்டையில் கட்டிப் பள்ளிவாசலில் சேர்க்குமாறு பிள்ளைகளிடம் கூறியுள்ளோம். ஒருநாள் முன்வரிசையில் எவர் முதுகிலாவது அதனைக் கண்டால், அவருக்காக துஆச் செய்யுங்கள், விலை கேட்காதீர்கள் என்பதையும் சேர்த்தே கூறியுள்ளோம்.